யார் வீட்டுக் கவர்

காலையில் கதவைத் திறக்கிறீர்கள். வாசலில் ஓர் ஆள், குச்சி நுனியில் தண்ணீர் சொட்டும் பிளாஸ்டிக் கவர் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார். என்ன செய்வீர்கள்? அம்மா கதவைத் திரும்பச் சாத்தப் பார்த்தாள். முடியவில்லை. அவர் ஒரு காலை ஏற்கெனவே நிலைப்படிக்குள் வைத்திருந்தார்.

"அண்ணி, இது உங்க ஊட்டுதுதானே?"

"எங்க ஊட்டுதுன்னு எப்படிச் சொல்றே?" என்றாள் அம்மா. குரல் அப்போதே இறங்கிவிட்டது.

"கடை பேரப் பாரு. கரையான்சாவடி முக்குல கீற மளிகைக் கடை. நம்ம தெருவுல அங்க வாங்கறது நாலு ஊடு. உள்ள காப்பித்தூள் சக்க கீது. அந்த நாலுல காப்பி குடிக்கறது ரெண்டு ஊடு. வாயக் கட்டியிருக்கற ரப்பர் பேண்டு செவப்பு. அண்ணாத்தே ஆபீஸ்ல இருந்து கொண்டார்றது செவப்பு. வேற யாரு ஊட்டுது, நீயே சொல்லு."

அம்மா இரண்டு விரலால் அதை வாங்கிக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. போலீஸ்காரர் திருட்டுப் பொருளை ஒப்படைப்பதுபோல ஒப்படைத்துவிட்டுப் போனதுதான் எரிச்சல். "அந்த ஆளுக்கு வேற வேல வெட்டியே இல்லியா?" என்று அப்பா கத்தினார். ஆனால் மறுநாளிலிருந்து ஆபீஸ் ரப்பர் பேண்டு வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் முப்பது வீடுகள் இருந்தன. பாதிப் பேர் முன்பு அங்கே நிலம் வைத்திருந்தவர்கள். மீதிப் பேர் அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலம் மனையாகி, எல்லோரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாய் மட்டும் தெருவின் ஓரமாக அப்படியே இருந்தது. வயல் போய்விட்ட பிறகு கால்வாய்க்கு என்ன வேலை? நாங்கள் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் வேண்டாததையெல்லாம் அதில் போட்டோம். தெருக்கோடியில், மெயின் ரோட்டுக்கு அடியில் கால்வாய் நுழைகிற சிறுபாலத்தில் போய் எல்லாம் அடைத்துக்கொள்ளும். அங்கேதான் அவர் குச்சியோடு நிற்பார்.

தெரு அவருக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். அப்பாவை அண்ணாத்தே என்பார், அதனால் நான் சித்தப்பா என்று கூப்பிட்டேன். வாயளவில்தான் சித்தப்பா. மனதுக்குள் எனக்கும் அவர் சி.ஐ.டி.தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கவர்களைச் செய்கிற இடத்தில்தான் அவருக்கு வேலை. திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. வெள்ளைப் பிளாஸ்டிக் குருணையை உருக்கி, பலூன் மாதிரி ஊதி, பையாக வெட்டுவார்கள். வெட்டிய பையில் கடைப் பெயரை அச்சடிக்கிற மெஷின் அவர் பொறுப்பு. நகக் கண்ணில் எந்த நேரமும் சிவப்போ நீலமோ ஒட்டியிருக்கும். பூந்தமல்லியிலிருந்து வேலப்பன்சாவடிவரை எந்தக் கடைக்கு எந்த நிறம், எந்தக் கனம் என்று அவருக்கு மனப்பாடம். கவரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய். அந்தச் சத்தத்தைக் காதோடு கேட்பார். அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கடைசியில் மோந்து பார்ப்பார். அதற்குமேல் அவரிடமிருந்து யாரும் தப்ப முடியாது.

ஆனால் தன் வீட்டுக்குள் ஒரு கவரைக்கூட விடமாட்டார். ஓட்டலில் சாம்பார் வாங்கப் போனால் மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்குச்சட்டி. மளிகைக்கு ஒயர் கூடை. கடைக்காரன் பழக்கதோஷத்தில் கவரில் போட்டுக் கொடுத்தால், கடை வாசலிலேயே கூடைக்குள் கொட்டிக்கொண்டு கவரை அவன் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வருவார்.

இது தெருவுக்குப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. செய்கிறவனே தொடமாட்டேன் என்கிறான் என்றால் அதில் என்னவோ இருக்கிறது! "ஏதோ மருந்து கலக்கறாங்களாம், அதுல வச்சதத் துன்னா கொயந்த பொறக்காதாம்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு வாரம் தெருவில் யாரும் கவரில் இட்லி வாங்கவில்லை. பிறகு வழக்கம்போல வாங்கினார்கள். நான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அதுல இன்னா சித்தப்பா கலக்கறீங்க?"

"ஒண்ணும் கலக்கறதில்ல பாப்பா. போட்டா போவாது. அவ்ளோதான்."

"உங்க ஒயர் கூடையும் பிளாஸ்டிக்தானே?"

"ஆமா. அத்த எவனாவது ஒருநா வச்சிகினு மறுநா கால்வாய்ல போடறானா? சொல்லு."

வாயாடி என்று பேர் வாங்கிய என்னையே மடக்கிவிட்டாரே என்று அவர்மேல் இன்னும் கோபம்தான் வந்தது. அப்படி இருக்கிறவர் அந்த வேலையை ஏன் விடவில்லை? தினமும் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளுகிற ஆள், என் வீட்டுக் கவர் ஒன்றைக் குச்சியில் மாட்டிக்கொண்டு வருகிறாரே, இவரை யார் குச்சியில் மாட்டுவது? இதை அப்பா ஒருதரம் கேட்டேவிட்டார். "உட்டா நாளைக்கே வேற ஒருத்தன் அந்த மெஷின்ல நிப்பான் அண்ணாத்தே. அவன் நல்லா அடிப்பானான்னு எனக்கு சந்தேகம்" என்றார் அவர். அது கிண்டலா நிஜமா என்று எங்களுக்குப் புரியவில்லை.

சந்தேகம் அவருக்குச் சாப்பாடு மாதிரி. முதலாளி ஒருமுறை, "மண்ணுல போட்டா நாளடைவில மக்கிப்பூடும்பா" என்று சொன்னாராம். இவர் அன்றைக்கே ஒரு கவரைக் கொண்டுவந்து முருங்கைமரத்தடியில் முழங்கை ஆழத்தில் புதைத்தார். வருஷா வருஷம் பொங்கல் கழிந்து ஒருநாள் அதைத் தோண்டி எடுப்பார். கழுவுவார். கடைப் பெயர் பளிச்சென்று தெரியும். எங்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் திரும்பப் புதைப்பார். நாலு வருஷம் பார்த்தேன். மரத்தைப் புயல் சாய்த்துவிட்டது. கவர் அப்படியே இருந்தது.

வானொலியில் மழை அளவு சொன்னால் அதையும் நம்பமாட்டார். "அவன் ஆபீஸ் மாடில பேஞ்சத அவன் சொல்றான். நம்ம மாடில பேஞ்சத யாரு சொல்றது?" மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு ஊறுகாய் பாட்டிலை வைத்து, ஸ்கேலால் அளந்து, சுவரில் கரிக்கட்டியால் எழுதுவார். இரண்டு மூன்று வருஷக் கணக்கைப் பார்த்துவிட்டு, "மழ ஒயுங்கா இல்லப்பா. பெய்ய வேண்டிய மாசத்துல பெய்ய மாட்டேங்குது. பேஞ்சா மொத்தமா ரெண்டே நாள்ல ஊத்திட்டுப் போவுது. இன்னாமோ மாறிகினு கீது" என்பார். மழையையும் ஆசாமி சந்தேகக் கேஸில் சேர்த்துவிட்டான் என்று அப்பா சிரிப்பார்.

தெரு திருந்தியதா என்று கேட்காதீர்கள். உஷாராகிவிட்டது. கவரை உள்பக்கம் வெளியே திருப்பிக் கட்டிப் போடப் பழகினோம். கடைப் பெயரைக் கிழித்துவிட்டுப் போட்டோம். பக்கத்துத் தெருக் கால்வாயில் போய்ப் போட்டுவிட்டு வந்தோம். நானே செய்திருக்கிறேன். கோயிலுக்குப் போகிற மாதிரி தலையில் பூ வைத்துக்கொண்டு, கையில் குப்பையோடு போயிருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் சிறுபாலம் அடைத்துக்கொண்டு கடைசி நாலு வீட்டு வாசலில் தண்ணீர் நின்றது. தெரு கூடிப் பேசியது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கால்வாயைத் தூர் வாரச் சொல்லி மனு கொடுக்கலாம், வாரத்துக்கு ஒருதரம் குப்பை எடுக்க வண்டி கேட்கலாம் என்று அப்பா சொன்னார். பேப்பர்கூட வாங்கி வைத்திருந்தார். சி.ஐ.டி.தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"எல்லாரும்னா யாருண்ணாத்தே? எல்லாரும்னு ஒரு ஆளு கெடையாது. ஒவ்வொருத்தனாத்தான் கீறான். போட்டது யாருன்னு தெரியணும் மொதல்ல. அவன் நிறுத்தணும். அத்த உட்டுட்டு மனு எதுக்கு?"

"யாருன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சிடுச்சி" என்றார்.

சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். விரல் நீளமுள்ள சின்னச் சின்னக் கவர்கள். சட்னி கட்டிக் கொடுக்கிறவை. எல்லாவற்றுக்கும் வெள்ளை நூலில் இடக்கை முடிச்சு. தெருவில் இடக்கைக்காரி ஒருத்திதான். கோடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, காலையில் வாசலில் அடுப்பு வைத்து இட்லி விற்ற அக்கா. லாரியில் கிளீனராகப் போன புருஷன் எப்போது வருவான் என்று அவளுக்கே தெரியாது. பத்தாவது படிக்கிற ஒரு பெண். அந்த இட்லிப் பானைதான் இரண்டு பேருக்கும் சோறு.

அக்கா சுவரைப் பார்த்தாள். "ஆமாண்ணா, நான் கட்டினதுதான். இல்லேன்னு சொன்னேனா? கட்டிக் குடுத்தேன். வாங்கிகினு போயி துன்னது யாரு? துன்னுட்டு கால்வாய்ல போட்டது யாரு? நானா?"

அந்த வரிசையில் எங்கள் வீட்டுச் சட்னியும் இருந்தது. எனக்குத் தெரியும். முந்தாநாள் நான்தான் வாங்கி வந்தேன், நான்தான் வீசினேன். வாயைத் திறந்து, "யக்கா, அதுல ஒண்ணு எங்களுது" என்று சொல்லியிருக்கலாம். இப்போது இவ்வளவு பேசுகிறேனே, அன்றைக்கு வாய் வரவில்லை. ஒரு ஆள்மேல் பழி நின்றதும் மற்ற இருபத்தொன்பது வீடும் மூச்சு விட்டது. நானும் விட்டேன்.

வீட்டுச் சொந்தக்காரர் அடுப்பை எடுக்கச் சொல்லிவிட்டார். அக்கா எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் பெருக்கித் துடைக்கப் போனாள். அப்பா வாங்கிய மனுப் பேப்பரில் அம்மா மளிகைச் சாமான் எழுதினாள். சட்னிக் கவர் குறைந்தது உண்மைதான். கால்வாய் மட்டும் நிறைந்துகொண்டே இருந்தது. அதை அவர் கவனித்தார். அக்கா வீட்டைத் தாண்டும்போது அவர் நடை கொஞ்சம் வேகமானதை நான் கவனித்தேன். ஆனால் அவளிடம் போய் ஒரு மன்னிப்பு வார்த்தை அவர் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஆவணியில் எனக்குக் கல்யாணம். பூந்தமல்லியில் மண்டபம். தாம்பூலப் பை விஷயத்தில் அவருக்கும் அப்பாவுக்கும் எங்கள் கூடத்தில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது.

"துணிப்பை போடு அண்ணாத்தே. நான் தைக்கிற ஆளக் காட்டறேன்."

"ஊரே பளபளன்னு கவர்ல குடுக்குது. நான் ஒருத்தன் மட்டும் துணிப்பை குடுத்தா, மாப்ள ஊட்ல கஞ்சப்பய சம்பந்தம்னு சொல்லமாட்டானா? ஊரு மாறட்டும், நானும் மாறுறேன்."

அவர் வெகு நேரம் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, "செரி. எங்க கம்பெனிலயே அடிச்சிக் குடுக்கறேன். பாப்பாவுக்கு அது நான் செய்யற சீரு" என்றார். மஞ்சள் பையில் குங்குமச் சிவப்பில் ஒரு குத்துவிளக்கு, அதன்கீழே என் பெயரும் மாப்பிள்ளை பெயரும். வாய்கூசாமல் சொல்லலாம், அவ்வளவு அழகான பையை நான் அப்புறம் எந்தக் கல்யாணத்திலும் பார்க்கவில்லை. "நம்ம ஊட்டுக் கல்யாணம், கனமாப் போட்டுக்கீறேன். தேங்கா வச்சா கிழியாது" என்று விரலால் தேய்த்துச் சத்தம் காட்டினார். மிச்சத்தைச் சணலால் ஒரு கட்டாகக் கட்டி அவரே எங்கள் பரணில் ஏற்றி வைத்தார். "எல்லாத்துலயும் பாப்பா பேரு கீது. எங்க கெடந்தாலும் கொண்டாந்து குடுத்துருவேன், பாத்துக்க" என்று அம்மாவிடம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த இரண்டு மூன்று தடவைகளில் அது ஒன்று.

பத்திரிகை வைக்க அம்மாவும் அப்பாவும் தெரு முழுக்கப் போனார்கள். கோடி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. "அவள இப்பக் கூப்ட்டா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றாள் அம்மா. கல்யாணப் பெண் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார்கள். எனக்குப் புடவைக்கு பிளவுஸ் தைத்து வரவில்லை என்கிற கவலைதான் அப்போது பெரிதாக இருந்தது.

நான் புருஷன் வீட்டுக்கு ஆவடி போய்விட்டேன். அதன்பிறகு நடந்ததை அம்மா ஒருமுறை வந்தபோது சிரித்துச் சிரித்துச் சொன்னாள். கல்யாணம் முடிந்த ஒரு வாரத்தில் அவர் குச்சியில் எங்கள் கல்யாணப் பையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே வாழைக்காய்த் தோலும் முட்டை ஓடும். "அண்ணி, இது உங்க ஊட்டுதுதானே?" அம்மா அசரவில்லை. "தெரு பூரா குடுத்த பை தம்பி. யாருதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீதான் கண்டுபிடிப்பியே, கண்டுபிடி." அவர் தேய்த்துப் பார்த்தாராம், வெளிச்சத்தில் பார்த்தாராம், மோந்து பார்த்தாராம். எல்லாப் பையும் ஒரே நிறம், ஒரே கனம், ஒரே பெயர். "அன்னிக்கி அந்த ஆளு மூஞ்சப் பாக்கணுமே!" என்றாள் அம்மா. நானும் சிரித்தேன்.

கதை அன்றைக்கே தெருவில் பரவிவிட்டது. அதிலே போட்டால் சி.ஐ.டி.யால் கண்டுபிடிக்க முடியாது! அதுவரை கவரைக் கிழித்தும் திருப்பியும் பக்கத்துத் தெருவுக்குச் சுமந்தும் அவஸ்தைப்பட்டவர்கள், நிம்மதியாக எங்கள் கல்யாணப் பையில் கட்டித் தங்கள் வாசலிலிருந்தே வீசினார்கள். பை தீர்ந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, "கல்யாணப் பை ரெண்டு இருந்தா குடேன்" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அம்மா பரணிலிருந்து உருவி உருவிக் கொடுத்தாள். பெருமையாகத்தான் கொடுத்தாள், பெண்ணின் பெயர் போட்ட பையாயிற்றே.

தலைதீபாவளிக்கு நானும் என் புருஷனும் வந்தோம். எண்ணெய்க்குளியலுக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. பட்டாசுக்கட்டு பிரிக்கவே இல்லை. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை தன் மாடியிலிருந்து சி.ஐ.டி.யின் குரல் கேட்டது. "பாட்டில் ரொம்பி வயிஞ்சிடுச்சி அண்ணாத்தே! இனிமே அளக்க முடியாது!"

எங்கள் வீட்டுப் படி வரைக்கும் தண்ணீர். கோடி வீட்டில் இடுப்பளவு. எல்லோரும் குடையும் கோணியுமாகச் சிறுபாலத்துக்கு ஓடினோம். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கால்வாய் வறண்டமாதிரி ஓடுகிறது, இந்தப் பக்கம் ஏரிபோல நிற்கிறது. வாயில் என்னவோ அடைத்திருக்கிறது. வழக்கம்போல அவர்தான் இறங்கினார். கையில் கடப்பாறை, தலையில் துண்டு. கழுத்துவரை தண்ணீரில் நின்று குத்திக் குத்தி இழுத்தார்.

முதல் பை வந்தது. மஞ்சள். குங்குமச் சிவப்பில் குத்துவிளக்கு.

அதைக் கரையில் வீசிவிட்டு அடுத்ததை இழுத்தார். அதுவும் மஞ்சள். அடுத்தது. அடுத்தது. ஒன்றுகூடக் கிழியவில்லை. கட்டிய கட்டு அப்படியே, உள்ளே அழுகலோடு, ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. கரையில் குவியல் ஏறிக்கொண்டே போனது. அத்தனையிலும் என் பெயர். என் புருஷன் என் பக்கத்தில் நின்று தன் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் தண்ணீரிலேயே முங்கிவிடலாம்போல இருந்தது.

இட்லிக்கார அக்கா தன் வீட்டு வாசலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். தலையில் ஒரு துணி மூட்டை. குவியலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சத்தம்கூடப் போடவில்லை.

"யாரு ஊட்டுதுன்னு தெரிஞ்சிடுச்சாண்ணா? எந்த ஊட்டுல கொண்டும்போயி குடுக்கப்போற?"

அவர் கையில் ஒரு பை சொட்டிக்கொண்டிருந்தது. தேய்த்துப் பார்க்கவில்லை. மோந்து பார்க்கவில்லை. தெருவில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். தரை எங்கே, தண்ணீர்தான். அந்தத் தெருவில் நாங்கள் கல்யாணப் பை கொடுக்காத வீடு ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் புகுந்ததும் அந்த ஒரு வீட்டில்தான்.

அடைப்பு எடுபட்டுத் தண்ணீர் வடியத் தொடங்கியது. ஆனால் வீட்டில் இருக்க முடியாது, சுவர் ஊறிவிட்டது. அக்கா பெண்ணைக் கூட்டிக்கொண்டு வேலப்பன்சாவடியில் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினாள். மழை விட்டபாடில்லை. அவள் கையில் ரேஷன் கார்டும் பெண்ணின் பத்தாவது மார்க் ஷீட்டும் இருந்தன. அவற்றை மட்டும் நனையாமல் பானையில் வைத்துக் காப்பாற்றியிருந்தாள். மாரில் செருகிப் பார்த்தாள், அங்கேயும் ஈரம்.

"ஒரு கவர் இருந்தா குடுங்களேன், யாராவது" என்றாள்.

அவர் கரையேறினார். நேராக முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஒரு கவரு குடுங்க. நல்லதா, ஒண்ணே ஒண்ணு."

"கவரா? எங்க ஊட்ல ஏதுப்பா கவரு?" என்றது முதல் வீடு.

"நாங்க கவரே வாங்கறதில்லியே" என்றது இரண்டாம் வீடு.

"நீ சொன்னதுலேருந்து தொடறதே இல்லப்பா, சத்தியமா" என்றது மூன்றாம் வீடு.

இத்தனை வருஷம் கவரைக் காட்டிக் காட்டி ஆளைப் பிடித்தவர், அன்றைக்குக் கவர் கேட்டு வருகிறார். யார் நம்புவார்கள்? இருக்கிறது என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்றே ஒவ்வொரு வீடும் நினைத்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, உடம்பெல்லாம் சாக்கடைச் சேறு வழிய, எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அண்ணி, ஒரு கவர் குடு. அவ கார்டு நனையுது."

"எங்க ஊட்ல இல்லியே தம்பி" என்றாள் அம்மா. பழக்கமாகிவிட்ட குரல்.

அவர் அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தார். "பாப்பா?"

என் புருஷன் பக்கத்தில் நிற்கிறார். கரையில் என் பெயர் குவியலாகக் கிடக்கிறது. அதே மாதிரி இன்னொன்றை நானே எடுத்துக் கொடுத்து, அதை அக்கா பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடக்க வேண்டுமா?

"இல்ல சித்தப்பா" என்றேன்.

அவர் கண் மேலே போனது. பரணில், அவரே சணலால் கட்டி ஏற்றிய கட்டு, உருவியது போக மீதி, மஞ்சள் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிக் கவரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஆனால் "இது இன்னா?" என்று கேட்கவில்லை. அந்தத் தெருவில் முதல்முறையாகக் கண்ணெதிரே சாட்சி இருந்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"செரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தன் வீட்டிலிருந்து அந்தத் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்தார். அக்கா அதை வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தாள். ஈரம் இருக்கிறதா என்று மோந்துகூடப் பார்த்தாள். கார்டையும் மார்க் ஷீட்டையும் சுருட்டி உள்ளே வைத்து மூடியை அழுத்தினாள். "வரேன்" என்று யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டாள். மழையில் அந்தப் பாத்திரம் மட்டும் கொஞ்ச தூரம் பளபளத்தது. பாத்திரமும் திரும்பி வரவில்லை, அவளும் வரவில்லை.

மழை விட்ட பிறகு தெரு ஒன்றாகச் சேர்ந்தது. அப்பா திரும்பப் பேப்பர் வாங்கினார். முதல் கையெழுத்து சி.ஐ.டி.தான் போட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருபத்தொன்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்து கால்வாயை வாரினார்கள். மூன்றாவது ஞாயிறு பாதிப் பேர் வரவில்லை. நாலாவது வாரம் என்னவாயிற்று என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை. அவர் அதன்பிறகும் தினமும் திருமழிசைக்கு வேலைக்குப் போனார். சாம்பார் வாங்க ஒரு சொம்பு எடுத்துப் போனார்.

குச்சியை மட்டும் விட்டுவிட்டார். அதன்பிறகு நான் அம்மா வீட்டுக்கு வந்துபோன எத்தனையோ தடவைகளில் ஒருநாள்கூட அவர் எந்த வாசலிலும் கவரோடு நிற்கவில்லை. என்னைத் தெருவில் பார்த்தால், "நல்லா கீறியா பாப்பா?" என்பார். நல்ல மனிதராகத்தான் விசாரிப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பரணிலிருந்த கட்டை நான் தொடவே இல்லை. இன்றும் அந்த மஞ்சள் வெளுக்கவில்லை.

ஒரே ஒருதரம் அவர் வந்து நிலைப்படிக்குள் காலை வைத்து, பரணைக் காட்டி, "இது உங்க ஊட்டுதுதானே?" என்று கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். சொல்லியிருப்பேனா என்பதில் எனக்கே சந்தேகம்தான்.